பீரங்கிக்கு வைத்த தேசிக்காய்

அத்தியாயம் ஆறு

"பீரங்கியைத் தேட வேண்டாம்," என்றாள் கமலேஸ்வரி. "அவர் எடுக்கேல்லை எண்டு மட்டும் பொலிசுக்குக் காட்டுங்கோ. எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

மேரிசாந்தி பேனாவை மூடி வைத்தாள். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில், ஒரு சேலைக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் எத்தனையோ பேர் வந்து இருந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை உண்மையிலேயே எஞ்சினியர்தானா, சுவிசில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளா என்று கேட்டு வருவார்கள். காணாமல் போன சாமானைத் தேட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு படியேறி வந்தது இந்த மனுசிதான் முதல் ஆள்.

"என்ன பீரங்கி அக்கா? முதலிலையிருந்து சொல்லுங்கோ."

கமலேஸ்வரி சொன்னாள். அறுபதை நெருங்கும் வயது. மழைக்கோட்டைக் கழற்றாமலே இருந்தாள். அவளுடைய கணவர் தேவராசா தெற்கு லண்டனில் மிட்சம் என்ற இடத்தில், ட்ராம் பாதையை ஒட்டிய தொழிற்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். போன வருடம் கவுன்சில் அவரிடம் ஒரு பழைய ஜேர்மன் பீரங்கியைத் திருத்தக் கொடுத்தது. முதலாம் உலகப் போரில் ஆறு குதிரைகள் இழுத்துத் திரிந்த பீரங்கி அது. பிரான்சில் எங்கேயோ பிடிபட்டு, வெற்றிச் சின்னமாக லண்டனுக்கு வந்து, ஒரு பூங்காவின் மூலையில் நூறு வருடமாக மழையில் நனைந்துகொண்டு நின்றது. மரச் சக்கரங்கள் உக்கிப் போய்விட்டன, குழாய்க்குள் புறா கூடு கட்டியிருந்தது. தேவராசா ஒரு வருடம் முழுக்க அதனோடேயே கிடந்து, புதுச் சில்லுப் பூட்டி, துரு சுரண்டி, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து முடித்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் நினைவு விழா. ஆறு குதிரைகளை வாடகைக்குப் பிடித்து, பீரங்கியை ஊர்வலமாகப் பூங்காவுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. காலையில் குதிரைகள் வந்தன. மேயர் வந்தார். பாண்ட் வாத்தியக்காரர்கள் வந்தார்கள். பீரங்கியைத்தான் காணவில்லை. கேற்றின் பூட்டு வெட்டுப்பட்டுக் கிடந்தது.

"என்ன பாரம் இருக்கும்?"

"ஒரு தொன்."

"ஒரு தொன் சாமானைத் துலைக்கிறதெண்டால் அதுக்கும் ஒரு கெட்டித்தனம் வேணும்," என்றார் யன்னலோரம் நின்ற குலசேகரம்.

குலசேகரம் மேரிசாந்தியின் உதவியாளர். லண்டன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியாத பஸ் ஸ்டொப் இந்த நகரத்தில் இல்லை. அவருடைய வாய் நின்ற ஸ்டொப்பும் இல்லை.

கமலேஸ்வரி சிரிக்கவில்லை. மேரிசாந்தியும் சிரிக்கவில்லை. மாசி மாதம் அவளுடைய கணவர் செபநேசன் மாரடைப்பில் போனதிலிருந்து அவளுக்குச் சிரிப்பும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. செத்த வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் கண் நனையாமல் நின்றதைப் பற்றிச் சனம் கதைத்தது. கதைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அவளுக்கு முழு உடம்பும் அப்படித்தான் இருந்தது. வேலை வந்தால் செய்தாள். பகல் கழிந்தது.

"பொலிஸ் என்ன சொல்லுது?"

"அவர்தான் ஆருக்கோ வித்துப்போட்டு, களவு போனதெண்டு நாடகம் ஆடுறார் எண்டு நினைக்கினம். பூட்டு வெட்டினது அவற்ற கிரைண்டராலை. இண்டைக்குப் பின்னேரம் ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்கினம்."

"அவர் என்ன சொல்றார்?"

"ஒண்டும் சொல்றேல்லை." கமலேஸ்வரி மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். "அதுதான் நான் வந்தனான்."

*

கார் தேம்சைக் கடந்து தெற்கே போய்ச் சேருவதற்குள் குலசேகரம் மூன்று நாளுக்குத் தேவையான கதையைக் கதைத்து முடித்துவிட்டார். கமலேஸ்வரி பின் சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

"தேவராசாவும் பீரங்கியும் ரெண்டு பேருமே ஜேர்மனியிலையிருந்து இஞ்சை வந்து சேர்ந்தவை," என்றார் குலசேகரம் மெதுவாக. "ஒராள் டோட்முண்டிலை பத்துப் பதினைஞ்சு வருசம் இரும்பு உருக்கிப்போட்டு வந்தவர். மற்றவர் கைதியாய் வந்தவர். ஆனால் பாருங்கோ மேரி, பீரங்கியிட்டை ஒருத்தரும் விசா கேக்கேல்லை."

"றோட்டைப் பாத்து ஓட்டுங்கோ அண்ணை."

பட்டறை நீளமான தகரக் கூரைக் கட்டடம். முன்னால் தெருவைப் பார்த்த பெரிய கேற். பின்சுவரில் ஒரு ரோலர் ஷட்டர், அதற்கு அந்தப் பக்கம் வேறொருவரின் கிடங்கு. நடுவில் சீமெந்துத் தரை வெறுமையாகக் கிடந்தது. ஒரு மூலையில் ஸ்டூல் போட்டுத் தேவராசா இருந்தார். பெரிய கைகள், நரைத்த மீசை, கூன் விழாத முதுகு. ஆளைப் பார்த்தால் அதட்டிக் கதைக்கிற ஆள் மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் குரல் கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது போல வந்தது.

"அண்ணை, பீரங்கியை நீங்கள் எடுத்தனீங்களோ?"

"இல்லை."

"ஆரிலையும் சந்தேகம்?"

"இல்லை."

"பொலிஸ் உங்களைப் பிடிக்கப் போகுது. தெரியும்தானே?"

"ஓம்."

"பயமாய் இல்லையோ?"

தேவராசா அதை யோசித்துப் பார்த்தார். மரியாதைக்காக யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இல்லை," என்றார். "ரீ குடிக்கிறியளோ?"

பொலிஸ், பயம், தேத்தண்ணி மூன்றையும் அவர் ஒரே குரலில் சொன்னார். மேரிசாந்திக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். தினமும் ரெலிபோனில் அவள் கதைக்கிற குரல் அது.

அவள் பட்டறையைச் சுற்றி நடந்தாள். பக்கச் சுவரில் பெரிய பலகை ஒன்று. சுத்தியல், உளி, குறடு, வாள் என்று ஒவ்வொன்றுக்கும் அதன் வடிவத்தில் மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டு, ஆணி அடித்திருந்தது. கோடுகள் இருந்தன. சாமான்களைக் காணவில்லை. ஒரு கிரைண்டரும் ரெண்டு ஸ்பனரும் மட்டும் தொங்கின.

"இதுகளும் களவு போச்சோ?"

"இல்லை. குடுத்திட்டன்."

"வித்தனீங்களோ?"

"சும்மா குடுத்தனான். தெரிஞ்ச பொடியளுக்கு. பீரங்கி வேலை முடிஞ்சுதுதானே."

"பொலிஸ் இதைப் பாத்துத்தான் துள்ளுது," என்று குலசேகரம் மேரிசாந்தியின் காதில் சொன்னார். "கடையைக் கட்டிக்கொண்டு ஓட வெளிக்கிடுற ஆள் எண்டு."

பலகைக்கு மேலே ஒரு இளம் பெண்ணின் படம், பிளாஸ்டிக் பூமாலையோடு. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு உடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மகள். கோசிகா," என்றாள் கேத்திலுக்குப் பக்கத்தில் நின்ற கமலேஸ்வரி. "போய் ரெண்டு வருசம். லுகேமியா. ஒரே பிள்ளை."

குலசேகரம் தொப்பியைக் கழற்றினார். வெளியே ட்ராம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது.

மௌனம் குலசேகரத்துக்கு ஒத்துக்கொள்ளாத சாமான். அவர் தரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். நாலு எட்டு வைத்ததும் குனிந்தார்.

"மேரி! இஞ்சை வாங்கோ!"

பீரங்கி நின்ற இடத்தில், கேற்றைப் பார்த்த பக்கமாக, ரெண்டு தேசிக்காய்கள், பழுத்த எலுமிச்சைகள், கிடந்தன. ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஒரு வண்டியின் அகலம். பொலிஸ் தரையெல்லாம் சோக்கால் கீறி, நம்பர் போட்டு வைத்திருந்தது. தேசிக்காயைச் சுற்றி மட்டும் ஒரு கோடும் இல்லை. யாரோ ஷொப்பிங் பையைக் கொட்டியது என்று நினைத்திருப்பார்கள்.

"கள்ளன் எங்கட ஆள்!" குலசேகரம் துள்ளினார். "எந்த வெள்ளைக்காரன் களவெடுக்கிற வண்டிக்குத் தேசிக்காய் வைப்பான்? சொல்லுங்கோ பாப்பம்!"

அதில் நியாயம் இருந்தது. லண்டனில் யாழ்ப்பாணத்தார் புதுக் கார் எடுத்தால், முதல் ஓட்டம் மனோர் பார்க் முருகன் கோயில் வாசலுக்குத்தான். சில்லுக்கு ஒரு தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, அதை நசித்துக்கொண்டு கார் நகர்ந்தால்தான் கண்ணூறு கழியும், பயணம் சுகமாகத் தொடங்கும். மேரிசாந்தி வேதக்காரி. ஆனால் அவளுடைய கார் கூட அப்படித்தான் றோட்டுக்கு வந்தது. செபநேசன் மாதா படத்தையும் வைத்து, தேசிக்காயையும் வைத்து, ரெண்டு பக்கமும் பிழை வராமல் பார்த்துக்கொண்டார்.

"அது நான் வைச்சது," என்றார் தேவராசா ஸ்டூலில் இருந்தபடி.

குலசேகரத்தின் கள்ளன் அந்த இடத்திலேயே விழுந்து செத்தான்.

"எப்ப வைச்சனீங்கள்?"

"சனிக்கிழமை பின்னேரம், பூட்டிப்போட்டுப் போகேக்கை. விடிய வைச்சால் மேயர், பாண்ட்காரர் எல்லாரும் நிண்டு பாப்பினம். ஏன் எதுக்கெண்டு கேப்பினம். வெக்கமாய் இருந்துது. அதுதான் முதல் நாளே வைச்சுக் கும்பிட்டுப்போட்டுப் போனனான்."

மேரிசாந்தி முழந்தாளிட்டுத் தேசிக்காயைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"தொடாதேங்கோ, வைச்ச தேசிக்காய்," என்றார் குலசேகரம் அவசரமாக.

"தொடேல்லை. அண்ணை, பீரங்கியை எந்தப் பக்கம் பாத்து நிப்பாட்டினனீங்கள்?"

"வால் கேற்றுக்கு. குதிரை பூட்டுறது வாலிலைதான். வாய் பின்னுக்குப் பாத்துக்கொண்டு போகும்."

"அப்ப கேற்றாலை வெளியிலை போகேக்கை இந்தத் தேசிக்காய்க்கு மேலாலைதான் சில்லு உருளும்."

"ஓம். அதுக்குத்தானே வைச்சனான்."

மேரிசாந்தி எழும்பினாள். "குலம் அண்ணை, ஒரு தொன் பீரங்கி. சில்லைச் சுத்தி இரும்புப் பட்டை. இதுக்கு மேலாலை போனால் தேசிக்காய் எப்பிடி இருக்கும்?"

"அப்பளம் மாதிரி இருக்கும்."

"இப்ப எப்பிடி இருக்கு?"

குலசேகரம் குனிந்து பார்த்தார். மஞ்சளாக, உருண்டையாக, தோலில் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. "இப்பவும் சொதிக்குப் பிழியலாம்," என்றார். பிறகு வாயைப் பிளந்தார். "அட!"

"போகேல்லை அண்ணை. பீரங்கி கேற்றாலை வெளியிலை போகவேயில்லை."

"கிரேன் வைச்சுத் தூக்கியிருந்தால்?"

"கூரையைப் பாருங்கோ. ஒரு ஏணி நிமிர்த்த இடம் இருக்கோ? பூட்டை வெட்டி, கேற்றைத் திறந்து விட்டது கண்கட்டு வித்தை. எல்லாரும் தெருவைப் பாக்கோணும் எண்டதுக்காக." அவள் மற்றப் பக்கம் திரும்பினாள். "முன்னுக்குப் போகாத வண்டி பின்னுக்குத்தான் போயிருக்கோணும்."

பின்னால் இருந்தது அந்த ரோலர் ஷட்டர். முன்பு ரெண்டும் ஒரே கட்டடமாம். இப்போது அந்தப் பக்கம் யோகராஜா என்பவரின் பலசரக்குக் கிடங்கு. ரெண்டு பக்கமும் பூட்டு.

"இந்தப் பக்கத்துப் பூட்டின்ர திறப்பு ஆரிட்டை?"

"வீட்டிலை கிடக்கும்," என்றார் தேவராசா. அவருடைய முகத்தில் ஒரு வியப்பும் வரவில்லை. தன் பீரங்கி எங்கே என்று அறிகிற ஆவல் கூட இல்லை. "பொலிஸ் அங்கையும் போய்ப் பாத்தது. அரிசி மூட்டையள்தானாம்."

கேத்தில் கொதித்து, தானாக நின்றது. கமலேஸ்வரி கோப்பையில் ஊற்றவில்லை. கையில் தேயிலைப் பையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

*

யோகராஜா குள்ளமான, உருண்டையான, வியர்த்த மனிதர். குளிர் கிடங்கு மாதிரி இருந்த அந்த இடத்தில் அவர் ஏன் வியர்த்தார் என்பதே முதல் கேள்வி. அவருக்குப் பின்னால் சம்பா அரிசி மூட்டைகள் தரையிலிருந்து கூரை வரை, சுவருக்குச் சுவர், கோட்டை மதில் மாதிரி அடுக்கியிருந்தன. மூட்டை ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்தில் சம்பா, சம்பா, சம்பா.

"வாங்கோ வாங்கோ. பொலிஸ் எல்லாம் பாத்திட்டுது," என்றார், அவர்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்னமே.

மேரிசாந்தி என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் யோகராஜாவின் ரெலிபோன் அடித்தது.

"ஹலோ... ஓம் தம்பி... சம்பாவோ? இல்லையப்பா, முடிஞ்சுது. வாற கிழமைதான். ஓம், ஓம், ஒரு மூட்டையும் இல்லை."

போனை வைத்தார். குலசேகரம் மேரிசாந்தியைப் பார்த்தார். மேரிசாந்தி மதிலைப் பார்த்தாள்.

"அண்ணை," என்றார் குலசேகரம் தேன் குரலில், "வீட்டிலை மனிசி சொல்லி விட்டவ. எனக்கொரு சம்பா மூட்டை தாங்கோ."

"முடிஞ்சுது."

"உங்களுக்குப் பின்னாலை கிடக்கிறது?"

யோகராஜா திரும்பிப் பார்த்தார். அந்த மதிலை அன்றைக்குத்தான் கண்டவர் மாதிரி பார்த்தார்.

"அது... ஓடர் குடுத்தது."

"ஆருக்கு, அரசாங்கத்துக்கோ?" குலசேகரம் நெஞ்சில் கை வைத்தார். "மேரி, எனக்கு உடம்பு நடுங்குது. சாமானை வைச்சுக்கொண்டு, கேட்டு வந்தவனுக்கு இல்லை எண்டு சொல்ற யாழ்ப்பாணத்துக் கடைக்காரரை நான் இண்டைக்குத்தான் காணுறன். விலையைக் கூட்டிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பன்."

"மூட்டையை எடுத்தால் மதிலிலை ஓட்டை விழும்," என்றாள் மேரிசாந்தி. "அதுதானே அண்ணை?"

யோகராஜா வியர்வையைத் துடைத்தார். "எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை."

"இதை அடுக்கினது ஆர்?"

"எங்கட போர்க்லிப்ட் ட்றைவர்."

"அவரைக் கூப்பிடுங்கோ. கதைப்பம்."

யோகராஜா கூப்பிடவில்லை. மேரிசாந்தியின் தோளுக்கு மேலால், அவர்கள் வந்த வாசலைப் பார்த்தார். அவருடைய முகத்தில் மன்னிப்புக் கேட்கிற ஒரு பார்வை வந்தது.

"கூப்பிடத் தேவையில்லை," என்றது பின்னால் ஒரு குரல். "நான்தான்."

கமலேஸ்வரி வாசலில் நின்றாள். மழைக்கோட்டை இப்போதுதான் கழற்றியிருந்தாள். உள்ளே, மார்பில் யோகராஜாவின் கடைப் பெயர் போட்ட நீலச் சட்டை.

குலசேகரம் அவளையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தார். மேரிசாந்திக்கு ஆச்சரியம் வரவில்லை. பீரங்கியைத் தேட வேண்டாம் என்று சொல்ல, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவரால்தான் முடியும். ஏன் என்பதுதான் அவளுக்கு விளங்காமல் இருந்தது.

"சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு நான் வந்தனான்," என்றாள் கமலேஸ்வரி. "ரெண்டு பக்கத்துத் திறப்பாலையும் ஷட்டரைத் திறந்து, இந்தப் பக்கத்தாலை போர்க்லிப்ட்டைக் கொண்டு போய், பீரங்கியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்தனான். பேந்து மூட்டையை அடுக்கினன். அவற்ற கிரைண்டராலையே பூட்டை வெட்டினன். வெளியாலை வந்த கள்ளர் எண்டு நினைப்பினம் எண்டு பாத்தால், அவரைப் பிடிக்கினம். அதை நான் யோசிக்கேல்லை. யோகராஜா அண்ணைக்கு விடியத்தான் தெரியும். அவரை ஒண்டும் செய்யாதேங்கோ."

"தேசிக்காயைக் கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"பூட்டு வெட்டத் தெரிஞ்ச உங்களுக்கு, அதை நசிச்சு விடோணும் எண்டு தெரியேல்லையே அக்கா? நசிச்சிருந்தால் நான் இப்ப தெருத் தெருவாய் அலைஞ்சுகொண்டு நிண்டிருப்பன்."

"நசிச்சால் பயணம் துவங்கிடும்," என்றாள் கமலேஸ்வரி. "அவர் கும்பிட்டு வைச்சது. எடுத்தெறியவும் பயம், நசிக்கவும் பயம். அந்தப் பயணம் துவங்கக் கூடாது எண்டுதானே நான் உந்தப் பாடெல்லாம் பட்டது."

அவள் தரையில் தனியாகக் கிடந்த ஒரு மூட்டையில் அமர்ந்தாள்.

"கோசிகா போன பிறகு அவர் கதைக்கிறேல்லை. சாப்பிடுறேல்லை. உந்தப் பீரங்கி வந்த பிறகுதான் காலமை எழும்பி வேலைக்கு எண்டு வெளிக்கிட்டவர். எனக்குச் சந்தோசம். பேந்து வேலை முடியிற நேரம் வர வர, ஒவ்வொரு சாமானாய்க் குடுக்கத் துவங்கினார். எனக்குப் போனிலை காஸ் பில் கட்டக் காட்டித் தந்தவர். பொயிலர் நிண்டால் என்ன செய்யிறது, காருக்கு இன்சூரன்ஸ் எப்ப வரும், எல்லாம் காட்டித் தந்தவர். ஏன் எண்டு கேட்டால், 'தெரிஞ்சு வைச்சிரும்' எண்டார். டொக்டரிட்டைப் போவம் எண்டு கூப்பிட்டன். பீரங்கி போகட்டும், பிறகு பாப்பம் எண்டார். பீரங்கி போனால் பிறகு என்ன இருக்கு? நான் ஒரு படிச்ச ஆள் இல்லை. எனக்கு வேற ஒண்டும் செய்யத் தெரியேல்லை. அது போகாட்டி அவரும் போகமாட்டார் எண்டு நினைச்சன்."

பலகையில் கிடந்த மஞ்சள் கோடுகள் மேரிசாந்தியின் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஓட வெளிக்கிடுகிற ஆள் என்று பொலிஸ் சொன்னது பாதி சரி. ஓடுகிற ஆள் சாமானை விற்பான். சும்மா கொடுப்பவன் போகிற இடத்துக்குக் காசு தேவைப்படாது. இதை அவள் அங்கே நின்றபோதே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. போன கிழமை தன் வீட்டுத் திறப்பு ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏன் கொடுத்தாள் என்று கூட அவள் தன்னைக் கேட்டுப் பார்த்ததில்லை. இப்போது கேட்டாள். பதில் அந்தப் பலகையிலேயே இருந்தது.

"அண்ணை," என்றாள் மேரிசாந்தி. அவள்தான் முதலில் கண்டாள். தேவராசா வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. "உங்களை ஒண்டு நேராய்க் கேக்கிறன். செத்துப் போவம் எண்டு நினைச்சனீங்களோ?"

கமலேஸ்வரி முகத்தைப் பொத்தினாள்.

"ஓம்," என்றார் தேவராசா. சீனி போடவா என்று கேட்டதற்குச் சொன்னது போலச் சொன்னார்.

யோகராஜா தன் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல், திரும்பி மதிலில் இருந்து ஒரு மூட்டையை இறக்கினார். பிறகு இன்னொன்று. குலசேகரமும் போய் இறக்கத் தொடங்கினார். ஏதாவது பாரத்தைத் தூக்க வேண்டும் போல இருந்தது அவருக்கு. மூட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைய, உள்ளே இருட்டில் முதலில் நீளமான குழாய் தெரிந்தது. பிறகு இரும்புக் கவசத் தகடு. பிறகு ஆளின் நெஞ்சளவு உயரத்தில் ரெண்டு மரச் சில்லுகள்.

தேவராசா மெதுவாக நடந்து கிட்டப் போனார். குழாயைத் தடவவில்லை, தகட்டைப் பார்க்கவில்லை. இடப் பக்கச் சில்லுக்கு முன்னால் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். அவருடைய கழுத்து சிவந்தது.

"உது என்ன?"

சில்லின் ஆரக்கால் மூன்று முறிந்து, சிலாம்பு சிலாம்பாகத் தொங்கியது.

"ஆர் சில்லுக்குள்ளை போர்க்லிப்ட் முள்ளை விட்டது?"

"நான்தான்," என்றாள் கமலேஸ்வரி. "இருட்டு. தெரியேல்லை."

"தெரியேல்லையோ!" தகரக் கூரை அதிர்ந்தது. ட்ராம் தரிப்பில் நின்றவர்களுக்குக் கூடக் கேட்டிருக்கும். "இவ்வளவு காலமாய் போர்க்லிப்ட் ஓட்டுறாய்! அச்சுக்குக் கீழை விட்டுத் தூக்கோணும் எண்டு தெரியாதோ உனக்கு? உது என்ன பருப்புப் பெட்டியே? உந்த ஆஷ் மரத்துக்கு நான் சசெக்ஸ் வரைக்கும் போய்த் திரிஞ்சனான்! ஒவ்வொரு காலாய்ச் சீவினது! உன்ர பாட்டுக்கு வந்து முறிச்சு வைச்சிருக்கிறாய்! மூளை எண்டு ஒண்டு இருக்கே உனக்கு?"

கமலேஸ்வரி முகத்திலிருந்து கையை எடுத்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ரெண்டு வருடமாக அந்த வீட்டில் கேட்காத குரல் அது.

மேரிசாந்தி கிடங்கின் ஒரு மூலைக்குப் போய்ப் பொலிசுக்கு ரெலிபோன் எடுத்தாள். வழக்கை விசாரித்த பெண் அதிகாரியிடம், பீரங்கி கட்டடத்தை விட்டு வெளியே போகவேயில்லை, மனைவிதான் பக்கத்து யூனிட்டுக்கு மாற்றி வைத்தாள், பூட்டை வெட்டியதும் அவள்தான், விபரம் எல்லாம் நேரில் சொல்லுகிறோம் என்றாள். முதலில் தேவைப்படுவது டொக்டர், அதற்குப் பிறகு நீங்கள் என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே அந்தப் புருசனையும் பெண்சாதியையும் பார்த்தாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஏச ஒரு ஆள், ஏச்சு வாங்க ஒரு ஆள். மாசிக்குப் பிறகு அவளுக்குள் வந்த முதல் உணர்ச்சி அது. நல்ல உணர்ச்சி இல்லைத்தான். ஆனாலும் வந்தது.

"அங்கே என்ன சத்தம்?" என்று கேட்டாள் அதிகாரி. "பீரங்கிக்குச் சேதமா? எப்போது பூங்காவுக்குக் கொண்டுபோகலாம்?"

"உதை ஒருத்தரும் அசைக்கேலாது!" என்று தேவராசா அந்தப் பக்கத்தில் கத்தினார். "இனிப் புது மரம் தேடோணும்! உந்த மழைக்காலத்திலை எந்த மரம் காயும்? காய்ஞ்சு, சீவி, பூட்டி முடிய வாற சித்திரை! சித்திரை வரைக்கும் நான் உதோடை மாரடிக்கோணும், உன்னாலை!"

"ஏப்ரல்," என்றாள் மேரிசாந்தி ரெலிபோனில்.

தேவராசா தான் என்ன சொன்னார் என்று கவனிக்கவில்லை. கமலேஸ்வரி கவனித்தாள். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏசுங்கோ," என்றாள். "இன்னும் ஏசுங்கோ."

குலசேகரம் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மேரிசாந்தி அவருடைய காலை மிதித்தாள். தேவராசா முறிந்த ஆரக்காலைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்ததற்கு ஏசத் தொடங்கினார்.